இராவணனாக நடித்தவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

டி.கே. பகவதி. 1958இல் கே. சோமு இயக்கத்தில் வந்த தமிழ் 'சம்பூர்ண ராமாயணம்' படத்து இராவணன். மற்றவர்கள் மீதும் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். முதலில், இராவணனாக நடிப்பவரை எதை வைத்து அளப்பது என்று பார்த்துவிடலாம்.

பலரும் கர்ஜனையை வைத்து அளக்கிறார்கள். எனக்கு அளவுகோல், முதல் நாள் போரில் தோற்று அரண்மனை திரும்பும் காட்சிதான். கம்பர் அந்த இடத்தில் ஒரு கணக்கே போட்டுவிடுகிறார்: யானைகளோடு பொருத மார்பு, கயிலையை எடுத்த தோள், நாரதருக்கு ஏற்ப இசைத்த நாக்கு, பத்து மகுடங்கள், சங்கரன் கொடுத்த வாள், வீரம். இத்தனையையும் களத்தில் போட்டுவிட்டு 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்'. இந்த ஆறும் நடிகருக்கான பாடம். முன்பே நம் கண்ணில் படாத ஒன்றை அவன் இழந்தால் நமக்கு வலிக்காது. மார்பையும் தோளையும் எல்லோரும் காட்டிவிடுகிறார்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அந்த நாக்கு, அதாவது இசை.

பகவதியின் படத்தில் அது விட்டுப்போகவில்லை. 'வீணைக் கொடியுடைய வேந்தனே' பாட்டில் சபையில் கேள்வி கேட்பது திருச்சி லோகநாதனின் குரல். இராவணனாகப் பதில் பாடுவது சி.எஸ். ஜெயராமன். காலைக்குப் பூபாளம் என்று தொடங்கி, கயிலைநாதனைக் கவர்ந்த காம்போதி வரை ராகம் ராகமாகப் போகும். ஒவ்வொரு விடையும் அந்தந்த ராகத்திலேயே வரும். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான பகவதி சிறுவயது முதல் பாய்ஸ் கம்பெனி என்னும் சிறுவர் நாடகக் குழு மேடையில் வளர்ந்தவர். அதனால் பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும்போதும் பாட்டு அவர் உடம்பிலிருந்து வருவதாகவே இருக்கும். பிறகு தோல்வி. 'இன்று போய் நாளை வாராய்' என்று திலங் ராகத்தில் உடைந்து பாடுவதும் அதே ஜெயராமன் குரல்தான். ராகங்களுக்கு விடை சொன்ன அந்தப் பெருமிதக் குரலே அவமானத்தையும் பாடுகிறது. கே.வி. மகாதேவனின் இசையில் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்ல வருவது விளங்கிவிடும்.

அதே படத்தில் இராமர் என்.டி. ராமராவ். அதே 1958இல் தெலுங்கு 'பூகைலாஸ்' படத்தில் அவரே இராவணன்! ஏவி.எம். தயாரிப்பு, கே. சங்கர் இயக்கம்; கன்னடத்தில் அந்த வேடம் ராஜ்குமாருக்கு. ஆத்மலிங்கத்தைத் தேடிப் போகும் பக்தனின் கதை என்பதால் வில்லத்தனத்துக்கு அங்கே இடம் குறைவு. என்.டி.ஆர். அந்த வேடத்தை எவ்வளவு நேசித்தார் என்பது 1961இல் அவரே இயக்கிய 'சீதாராம கல்யாணம்' பார்த்தால்தான் தெரியும். தன் உடம்பைக் கிழித்து, நரம்பையே வீணையாக்கி ஈசனைப் பாடுகிற கட்டத்தில் ஆணவமும் பக்தியும் ஒரே முகத்தில் நிற்கும்.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு ரவிகாந்த் நாகாயிச், தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். கணினி வராத காலத்தில் ஒரே நடிகரைப் பத்துத் தலையாகக் காட்டும் வழி இது: கேமராவை அசையாமல் பூட்ட வேண்டும். ஒரு தலை மட்டும் பதியும்படி மற்ற இடத்தைக் கறுப்பு மறைப்பால் மூடி எடுக்க வேண்டும். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி, அடுத்த தலை. இப்படிப் பத்து முறை. நடிகர் இம்மி நகர்ந்தாலும், கேமரா அதிர்ந்தாலும் தலைகளின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்; ஒன்பது சரியாக வந்து பத்தாவது பிசகினால் மொத்தமும் வீண்.

மேடையிலும் பொய்த்தலைகளைக் கட்டிக்கொள்வது லேசான விஷயமல்ல. நிஜத் தலை போக மிச்சம் ஒன்பது. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து என்றுதான் வரும். பாரம் ஒரு பக்கம் இழுக்க, நடிகரின் கழுத்து விறைத்துவிடும். கழுத்து விறைத்தால் பார்வை போச்சு. 2023இல் வந்த 'ஆதிபுருஷ்' படத்தில் கிராஃபிக்ஸ் இருந்தும் தலைகளை இரண்டு அடுக்காக வைத்தார்கள். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் சைஃப் அலி கானின் முகமே காணாமல் போனது.

கதகளிக்காரர்கள் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. அங்கே இராவணன் 'கத்தி' என்ற வகை வேடம், ஒரே முகம். பச்சை பூசிய முகத்தில் மேல்நோக்கி வளைந்த சிவப்பு மீசை, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை, தாடையோரம் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து வைத்த சுட்டி. பச்சை, இவன் உயர்குலத்தான் என்று சொல்லும். சிவப்பு, ஆணவத்தைச் சொல்லும். ஒப்பனைக்கே சில மணி நேரம் ஆகும். கண் சிவக்க ஒரு விதையை இமைக்குள் வைத்துக்கொள்வார்கள். 'ராவணோத்பவம்' ஆட்டத்தில் தன் தலைகளை ஒவ்வொன்றாக வெட்டித் தீயிலிட்டுத் தவம் செய்ததை அவனே நடித்துக் காட்டுவான். ஒன்பதும் போய், பத்தாவதற்கு வாளை ஓங்கும்போது பிரம்மன் வருவான். பொய்த்தலை ஒன்றுகூட இல்லாமல், ஒவ்வொரு தலை விழும்போதும் நமக்குக் கழுத்து சில்லிடும். பேச்சே கிடையாது, இடையிடையே தொண்டையிலிருந்து ஓர் அலறல் மட்டும். பகவதிக்கு அடுத்தபடி என் மனம் இங்கேதான்.

1987இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ராமாயண்' தொடரின் அர்விந்த் திரிவேதியைச் சிரிப்புக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். குஜராத்தி நாடகமேடையில் இருந்து வந்தவர். அவர் சிரிப்பு அடிவயிற்றில் பிறக்கும். அவரைப் பின்பற்றுகிறவர்கள் தொண்டையால் சிரிப்பதால் அது வெறும் இரைச்சலாகிவிடுகிறது.

ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகம் வேறு பாதை. அதில் சீதை இராவணனின் மகள். வசனம் எதையும் மாற்றாமலே அசோகவனக் காட்சியின் பொருள் தலைகீழாகிவிடும். எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. ஆனாலும் அந்த வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

விக்ரமை விட மனமில்லை. 2010இல் வந்த மணிரத்னத்தின் 'ராவணன்' தமிழ்ப் படத்தில் இராவணனின் சாயல் கொண்ட வீரா அவர். அதன் இந்திப் பதிப்பில் இராமனின் சாயல் கொண்ட காவல் அதிகாரியும் அவரே. என்.டி.ஆருக்கு 1958இல் அமைந்த அதே வாய்ப்பு. இரண்டு பதிப்பையும் பார்ப்பதானால் தமிழை முதலில் பாருங்கள். வீராவைப் பார்த்த கண்ணோடு இந்திக்குப் போனால், அந்த அதிகாரியின் விறைப்பில் அவர் எதையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறார் என்பது பிடிபடும்.