விரால் மட்டும் ஏன் சாகவில்லை?

கேள்வி: எங்கள் வயல் வட்டையோரக் குளம் ஒரு மாதமாகப் பாசிப்பச்சையாகக் கிடக்கிறது. இரண்டு நாள் வானம் மூட்டம் போட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் திலாப்பியாவும் கெண்டையும் செத்து மிதந்தன. விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. யாரோ நஞ்சு கலந்துவிட்டதாக ஊரில் பேச்சு. மகளோ, "கொன்றது உயிருள்ள காரணியா, உயிரற்ற காரணியா?" என்று பாடப்புத்தகத்தை விரிக்கிறாள். என்ன சொல்வது, ஐயா?
– கொக்கட்டிச்சோலை வாசகர்

பதில்: தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நஞ்சு பொதுவாக விராலுக்கென்று விலக்குக் கொடுக்காது. விரால் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை நேரடியாகக் குடிக்கும் மீன். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால், நல்ல தண்ணீரிலும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். பனையேறி மீனும் அப்படித்தான். மற்றவை தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை நம்பியவை. உங்கள் குளத்தில் விடியும் முன்னே அது தீர்ந்துபோயிருக்கிறது. 1952 இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா கெட்டியான மீன். அதுவே மல்லாந்தது என்றால் தட்டுப்பாடு கடுமையானதுதான்.

ஒட்சிசன் எங்கே போனது? அந்தப் பச்சை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள். வயலில் போட்ட யூரியாவும் மற்றப் பசளையும் வடிச்சலோடு குளத்துக்கு வந்து அவற்றைக் கொழுக்க வைத்தன. வெயில் இருக்கும்வரை அவை ஒளித்தொகுப்பு செய்து ஒட்சிசனை அள்ளிக் கொடுக்கும். பொழுது பட்டதும் கொடுப்பது நின்றுவிடும்; மூச்சுவிடுவது மட்டும் நிற்காது. மீன், பாசி, அடிச்சேற்றிலுள்ள பற்றீரியா எல்லாம் இரவு முழுவதும் ஒரே பானையில் கை வைக்கின்றன. மூட்டம் போட்ட அந்த இரண்டு நாளும் பகல் வரவு குறைவு, இரவுச் செலவு வழக்கம்போல. சூடான தண்ணீரில் பானையும் சிறியது: 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கலாம் என்றால், 30 பாகையில் ஏழரைதான். நம் பக்கத்துக் கோடைத் தண்ணீரின் சூடு உங்களுக்குத் தெரியும்.

இனி மகளின் கேள்வி. வெயில், வெப்பம், பசளையிலுள்ள நைதரசன், பொசுபரசு எல்லாம் உயிரற்றவை. பாசி, பற்றீரியா, மீன் உயிருள்ளவை. பரீட்சையில் அப்படி இரண்டு பத்தியாகப் பிரித்தே எழுதட்டும், புள்ளி கிடைக்கும். ஆனால் கரைந்த ஒட்சிசன் உயிரற்றது என்றாலும், உங்கள் குளத்தில் அதில் பெரும்பங்கைச் செய்ததும் தின்றதும் உயிர்கள்தாம். அப்படியிருக்க, கொலைகாரன் எந்தப் பத்தியில் நிற்பான்?

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் படுவான்கரையில் ஒரு குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், இரண்டு பத்திகளை நிரப்பச் சொன்னேன். ஒரு பையன் தண்ணீரில் விழுந்து கறுத்த மருத இலையை இரண்டு பத்திகளுக்கும் நடுவே, கோட்டின் மேலேயே எழுதினான். செத்த இலை, ஆனால் அதில் வழுவழுவென்று ஏதோ உயிரோடு இருக்கிறது என்றான். நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அவன் தொட்டது பற்றீரியாப் படலம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் புள்ளியை இன்றும் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: செத்த மீனை எடுத்துப் புதையுங்கள், அழுகினால் இருக்கிற ஒட்சிசனும் போகும். சந்தேகம் தீரவில்லையென்றால் விடியுமுன் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பெரும்பாலும் ஒட்சிசன் தட்டுப்பாடுதான். அப்படிக் கண்டால், பம்பு வைத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து குளத்துக்குள்ளேயே கொட்ட விடுங்கள், காற்று கலக்கும். வரம்போரம் பசளை போடும் கையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) இருந்தால் அதையும் அள்ளுங்கள். அதை ஒழிக்க 1909 இலேயே சட்டம் போட்டார்கள்; செடி அதை வாசிக்கவில்லை. அள்ளியதைக் குளக்கட்டுக்கு அப்பால் தள்ளிப் போடுங்கள். எங்கள் ஊரில் உட்பக்கக் கரையிலேயே குவித்தார்கள். முதல் மாரி மழை அவ்வளவையும் திரும்பக் குளத்துக்குள் இறக்கிவிட்டது.