இடது கையில் நாடி கிடைக்கவில்லை: ஸ்டென்ட் வைத்தால் போதுமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. தலை சீவி முடிப்பதற்குள் இடது கை ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கையில் பிபி பார்க்கவே முடியவில்லை; வலது கையில் 160/100. சிடி ஆஞ்சியோ எடுத்துவிட்டு ‘டகயாசு’ என்கிறார்கள். ஆனால் ஈஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடாதா?

பதில்: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியிலும் அதன் பெரிய கிளைகளிலும் சுவர் அழற்சியால் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகிவிடுவதுதான் டகயாசு நோய். 1908இல் இதை விவரித்தவர் மிகிட்டோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். 40 வயதுக்குள் உள்ள பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

ஈஎஸ்ஆர் நார்மல் என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தப் பரிசோதனை அமைதியாக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். மகாதமனியில் சதை எடுத்துப் பார்ப்பதும் நடக்காத காரியம். அதனால் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த சிடியில் வயிற்றுப் பகுதியும் எடுத்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகத் தமனி சுருங்கியிருந்தால் பிபி இப்படி ஏறும்.

இன்னொன்று, ஃபைலின் மேலட்டையில் ‘பிபி வலது கையில் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். அவசரத்தில் யாராவது இடது கையில் பார்த்து, குறைவாக இருக்கிறது என்று பிபி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சரி, ஸ்டென்ட். அழற்சி அடங்காத குழாயில் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். முதலில் அழற்சியை அடக்க வேண்டும்; மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ ஆபத்து என்றால்தான் அவசரமாக யோசிப்பார்கள்.

ஸ்டீராய்டு பயம் எனக்குப் புரிகிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறலாம். ஆனாலும் இந்த நோயை வேகமாக அடக்க அதுதான் கைகொடுக்கும். கூடவே எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் அல்லது அசதயோப்ரின் மாத்திரை கொடுத்து, ஸ்டீராய்டைப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், ஆரம்பிக்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது; உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும், ஆளே மயங்கி விழலாம்.

கல்யாணப் பேச்சு நடந்தால் ரூமட்டாலஜி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே மாற்ற வேண்டும். திடீரெனப் பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ மறுநாள் ஓபிக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.