மலையில் கிடைக்கிற ஸ்பானிஷ் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அர்ஜென்டினாவில் பரிலோச்சே என்ற ஏரிக்கரை ஊரில் நீங்கள் ஏழு வாரம் ஸ்பானிஷ் படித்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது வேலையில் ஆறு வார விடுப்பு கிடைத்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வகுப்பு, சனி ஞாயிறு மலை ஏறுவது என்று திட்டம் போட்டிருக்கிறேன். கூட வேலை செய்பவர்களோ, "ஒன்று ஒழுங்காகப் படி, இல்லையென்றால் ஒழுங்காகச் சுற்று, இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறைதான்" என்கிறார்கள். எட்டு மாதமாகச் செயலியில் படிக்கிறேன். வாசித்தால் புரிகிறது, யாராவது பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. மலை ஏறிப் பழக்கம் உண்டு, ஆனால் பனியும் செங்குத்துப் பாறையும் பழக்கமில்லை. எந்த மாதம் போகலாம்? தனியாகப் போகிற பெண் என்பதால் பள்ளி ஏற்பாடு செய்கிற குழுவோடு மலைக்குப் போவதுதான் நல்லதா? வார இறுதி முழுவதையும் மலைக்குக் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடாதா?

ம.

அன்புள்ள ம.,

கெடாது. ஆனால் ஐந்து நாள் படிப்பு, இரண்டு நாள் ஓய்வு என்று நடுவில் சுவர் எழுப்பினால் உங்கள் நண்பர்கள் சொன்னது நடந்துவிடும். எனக்கு முதல் இரண்டு வாரம் அப்படித்தான் போயிற்று.

பள்ளியே ஏற்பாடு செய்த குழுவோடுதான் நானும் போனேன். ஆறு பேர், ஆறு நாடு, எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஆங்கிலம். வழிகாட்டியும் நல்ல ஆங்கிலம் பேசினார். நாள் முழுக்க ஆண்டீஸ் மலையில் நடந்தோம், நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினோம். திங்கட்கிழமை காலை ஆசிரியை, "வார இறுதியில் என்ன செய்தாய், சொல்லு" என்றார். என்னிடம் நூறு புகைப்படம் இருந்தது, வாக்கியம் ஒன்றுகூட இல்லை. மலையில் ஸ்பானிஷில் எதுவுமே நடக்கவில்லை, அதனால் ஸ்பானிஷில் சொல்லவும் எதுவும் இல்லை. அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை தனியாக ஃபிரெய் மலைக்குடிலுக்குக் கிளம்பினேன். தனியாக என்றால் ஆளரவமற்ற காட்டில் இல்லை. அந்தப் பகுதியில் அதிகம் பேர் நடக்கிற பாதைகளில் அது ஒன்று, கோடையில் பத்து நிமிடத்துக்கு ஒருவராவது எதிரே வருவார். கதெத்ரால் மலையின் அடிவாரத்தில் தொடங்கி, கீழே குத்தியேரெஸ் ஏரி தெரிய மலைச்சரிவில் நடந்து, அப்புறம் ஓடையை ஒட்டி லெங்கா மரக்காட்டுக்குள் ஏறி, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் தோன்செக் ஏரிக்கரையில் இருக்கிற கல்குடிலில் முடியும். ஏறுவதற்கு நாலு மணி நேரம் ஆகும்.

அந்த நாலு மணி நேரத்தில் எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "ஃபால்தா மூச்சோ?" இன்னும் நிறைய பாக்கி இருக்கிறதா என்று அர்த்தம். முதல் ஆள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இரண்டாவது ஆள் சொன்னதில் "அரோஷோ" என்பது மட்டும் காதில் விழுந்தது. ஓடை என்பதற்கான சொல். ஐந்தாவது ஆள் "ஓடையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்" என்றபோது முழுசாகப் புரிந்தது. பத்தாவது ஆளிடம் நானே அடுத்த கேள்வியும் கேட்டேன், மேலே காற்று எப்படி என்று. வகுப்பில் ஆசிரியை ஒரு வாக்கியத்தை மூன்று முறைக்கு மேல் சொல்ல மாட்டார், சொன்னாலும் ஒரே குரலில்தான் சொல்வார். பாதையிலோ அதே பதில் இருபது வெவ்வேறு வாயிலிருந்து வருகிறது, கிழவர், பையன், மூச்சு வாங்குகிற அம்மா, வேகமாக இறங்குகிற மலையேறிகள் என்று, அதுவும் அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று உங்களுக்குப் பாதி தெரிந்த நிலையில். பேச்சு பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

குடிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீள மேசையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை விட்டிருந்தது, கருங்கல் முனைகள் வெயிலில் செம்மை ஏறிக் கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த அம்மா மாத்தே என்கிற இலைத் தேநீரை ஊற்றி எல்லோருக்கும் சுற்றில் கொடுத்துக் கொண்டிருந்தார். ஒரே குவளை, ஒரே உலோகக் குழல். ஒருவர் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு. என் முறை வந்தபோது வாங்கிக் குடித்துவிட்டு, மரியாதையாக "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் குவளை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. என்ன தப்பு செய்தேன் என்று மனசுக்குள் குழம்பிக் கொண்டிருந்தபோது, எதிரே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினாள்: மாத்தே சுற்றில் நன்றி சொன்னால் "எனக்குப் போதும்" என்று அர்த்தம், வேண்டுமென்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடு. அந்த அம்மா சிரித்துக் கொண்டே எனக்கு மறுபடி ஊற்றினார். ஒரு பண்பாட்டு விளக்கத்தை முழுக்க ஸ்பானிஷிலேயே கேட்டு, ஸ்பானிஷிலேயே புரிந்துகொண்டது எனக்கு அதுதான் முதல் முறை. அது மறக்கவே மறக்காது.

அந்தத் திங்கட்கிழமை ஆசிரியை கேட்டபோது சொல்ல விஷயம் இருந்தது. இங்கேதான் இலக்கணமும் வந்து உட்கார்ந்தது. ஸ்பானிஷில் கதை சொல்லும்போது மாறி மாறி வருகிற இரண்டு இறந்தகாலம் உண்டு, எல்லோரையும் அலைக்கழிக்கிற இடம் அது. "ஷோவீயா" என்றால் மழை பெய்துகொண்டிருந்தது. "ஷெகாமோஸ்" என்றால் போய்ச் சேர்ந்தோம். பெய்துகொண்டிருந்தது பின்னணி, போய்ச் சேர்ந்தது நிகழ்ச்சி. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்க விதியாக இருந்தது, நனைந்துகொண்டே குடிலின் கதவைத் தட்டிய கதையைச் சொல்ல முயன்றபோது அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஆகவே ஞாயிறு இரவு எவ்வளவு கால் வலித்தாலும், நடந்ததைப் பத்து வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள். திங்கள் காலை அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வாரம் 20 மணி நேர வகுப்பில் எனக்கு அதிகம் உதவியது அந்தப் பத்து வரிதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், யாரும் நமக்கு இதைச் சொல்லித் தருவதில்லை. ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். "மே குஸ்தா" என்பதை ஆங்கிலத்தில் விளக்க அரைப்பக்கம் வேண்டும், எழுவாய் இடம் மாறுகிறது அது இது என்று. நமக்கு? எனக்குப் பிடிக்கிறது. அவ்வளவுதான். "மே துவேலே லா ரோதீஷா", எனக்கு முழங்கால் வலிக்கிறது. அந்த முன்னால் நிற்கிற "மே" நம்முடைய "எனக்கு" செய்கிற வேலையைத்தான் செய்கிறது. "சூபோ" என்றால் ஏறுகிறேன், "சுபீமோஸ்" என்றால் ஏறுகிறோம். நான், நாங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். "பெரோ" என்றால் ஆனால், அதையே வல்லினமாக உருட்டி "பெறோ" என்று அழுத்தினால் நாய். இடையின ர, வல்லின ற என்று பள்ளியில் படித்ததை நாக்கு இன்னும் மறக்காமல் வைத்திருந்தால் உங்களுக்கு இது கைவந்துவிடும்.

செயலி உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிற ஸ்பானிஷ் அந்த ஊரில் அப்படியே பேசப்படுவதில்லை, அதற்கும் தயாராகப் போங்கள். "நீ" என்பதற்கு அவர்கள் "தூ" சொல்வதில்லை, "வோஸ்" என்பார்கள், வினையும் மாறும்: உன்னிடம் இருக்கிறது என்பதற்கு "தியேனெஸ்" இல்லை, "தெனேஸ்". மரியாதைக்கு "உஸ்தேத்" உண்டு, நம் நீங்கள் மாதிரி, ஆனால் மலைப்பாதையில் எழுபது வயதுக்காரரும் உங்களை வோஸ் என்றுதான் கூப்பிடுவார், நீங்களும் அப்படியே பேசலாம். அப்புறம் அந்த "ஷ". மற்ற நாட்டு ஸ்பானிஷில் பெரும்பாலும் ய மாதிரி ஒலிக்கிற ll என்ற இரட்டை எழுத்தை அவர்கள் ஷ என்பார்கள். ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன மலையின் பெயரை எழுத்தைப் பார்த்து லாவ் லாவ் என்று படிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் சொல்வது ஷாவ் ஷாவ். நான் பேருந்தில் நாலு முறை லாவ் லாவ் என்று கேட்டும் ஓட்டுநருக்குப் புரியவில்லை. "தாலே" என்ற சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் "சரி" எத்தனை இடத்தில் வருகிறதோ கிட்டத்தட்ட அத்தனை இடத்திலும் அது வரும்.

மாதம்: பிப்ரவரி நடுவில் போய் மார்ச் கடைசியில் திரும்புங்கள். அங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது. ஜனவரியில் உள்நாட்டு விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழியும், போதாததற்கு தாபானோ என்கிற கடிக்கிற பெரிய ஈ. கறுப்பு, கருநீல உடையைத் தேடி வந்து மொய்க்கும். பிப்ரவரியில் அது அடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் பனிச்சறுக்குக் காலம், நடக்கப் போகிறவர்களுக்கு அது உதவாது.

முதல் இரண்டு வாரம் ஊரை ஒட்டியே நடங்கள். கம்பனாரியோ மலைக்குக் கம்பிவடத்தில் தொங்கி ஏறுகிற நாற்காலி இருக்கிறது, அதை விட்டுவிட்டு பக்கத்துப் பாதையில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஏறினால் நவெல் வாப்பி ஏரியின் கைகள் எல்லாம் விரிந்து தெரியும். அந்தப் பெயர் ஸ்பானிஷ் இல்லை, அந்த மண்ணின் மாப்புச்சே மக்களுடைய மொழி. வாப்பி என்றால் தீவு, நவெல் என்றால் புலி இனத்து விலங்கு. ஷாவ் ஷாவும் அந்த மொழிச் சொல்தான், மரக்கிளைகளில் ஆரஞ்சு உருண்டையாகக் காய்க்கிற ஒரு காளானின் பெயர். மூன்றாம் வாரம் ஃபிரெய், நாலாம் வாரம் லோப்பெஸ் குடில். அது தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. ஐந்தாம் வாரம் உடம்பு ஒத்துழைத்தால் பம்பா லிந்தா என்ற இடத்திலிருந்து ஏறி த்ரோனதோர் மலையின் மேலிங் குடிலில் ஒரு இரவு தங்குங்கள். த்ரோனதோர் என்றால் இடிமுழங்குவது. தொங்கு பனியாறுகளிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழும்போது வானம் தெளிவாக இருந்தாலும் இடிச்சத்தம் கேட்கும், ராத்திரி படுக்கையில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். பம்பா லிந்தாவுக்குப் போகிற காட்டுச் சாலையில் காலையில் போகிற வண்டிகளுக்கும் மாலையில் திரும்புகிற வண்டிகளுக்கும் தனித்தனி நேரம் உண்டு, அதை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஃபிரெய்யிலிருந்து அடுத்த குடிலுக்கு மலைமுகட்டைத் தாண்டிப் போகிற பாதையில் உதிர்கல் சரிவு இருக்கிறது. பாறை பழக்கமில்லை என்கிறீர்கள், அது இந்த முறை வேண்டாம்.

தனியாகப் போவது பற்றி. வகுப்பு நண்பர்களோடு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், பத்திரமில்லாமல் போங்கள் என்று சொல்லவில்லை. தேசியப் பூங்காவின் நடைபயணப் பதிவை இணையத்தில் செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும். தங்கியிருக்கிற வீட்டில் எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதை ஸ்பானிஷில் சொல்லுங்கள். பள்ளத்தாக்குக்குள் போனால் தொலைபேசி எடுக்காது. மேற்கிலிருந்து வருகிற காற்று அங்கே சாதாரணமில்லை, கோடையிலும் மேலே பனி விழுவதுண்டு. வானிலை அறிக்கையில் வருகிற சொற்களை விமானம் ஏறுவதற்கு முன்பே மனப்பாடம் செய்யுங்கள், முக்கியமாக "ராஃபகாஸ்": திடீர்க் காற்றுவீச்சு. அந்தச் சொல்லோடு பெரிய எண் வந்திருந்தால் அன்று ஊரிலேயே இருங்கள். எனக்கும் ஒரு சனிக்கிழமை அப்படிப் போனது. வீட்டுக்கார அம்மாவோடு நாள் முழுக்க அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தேன், வகுப்பை விட அன்று அதிகம் பேசினேன்.

ஆமாம், விடுதி வேண்டாம், குடும்பத்தோடு தங்குங்கள். ஒரே ஒரு சிக்கல்தான்: அங்கே இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து மணிக்கு. வெள்ளி இரவு பேச்சு நீண்டுகொண்டே போகும், சனிக்கிழமை முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் உங்கள் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். விலை எதையும் நான் எழுதவில்லை. அங்கே விலைவாசி ஓடுகிற வேகத்தில் நீங்கள் போவதற்குள் மாறிவிடும்.

குடில் படுக்கைகளை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள், கோடைச் சனிக்கிழமைகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். திரும்பி வந்ததும், முடிந்தால் அங்கிருக்கும்போதே, ஒரு ஞாயிறு இரவு எழுதிய அந்தப் பத்து வரியை எனக்கு அனுப்புங்கள், ஸ்பானிஷிலேயே.

அன்புடன்,
அக்கா