ஊசியின் வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது

மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்புக்குப் போட்ட, ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியை நினைத்துப் பயந்து எழுதியிருந்தீர்கள். அது இனிமேல் அப்பாவின் மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்காது. ரத்தத்தில் அதன் அளவு முதலில் 20-24 நிமிடத்திலேயே பாதியாகிவிடும், மறுநாளைக்கு மிஞ்சாது. நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த மூளைக்கசிவு சுமார் 100 பேரில் ஒருவருக்கு வரும். அதுவும் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில்தான். கையில் நீலத் திட்டு, பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் எல்லாம் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளால் வருவது. மெத்தென்ற பிரஷ் வாங்குங்கள். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வரி: "நான்கு நாளாகக் குளோபிடோக்ரலை நிறுத்திவிட்டு நாட்டோகைனேஸ் கொடுக்கிறேன்." புளித்த சோயாவிலிருந்து எடுக்கும் அந்தச் சத்து மாத்திரைக்காக யார் சொல்லி நிறுத்தினீர்கள்? அப்பாவின் இதய ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் வலைக்குழாயான புது ஸ்டென்ட்டின் உலோகத்தின் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் இன்னும் மூடியிருக்காது. அதில் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு மாத்திரைகள்தான். ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள்; குளோபிடோக்ரலை மறுபடி தொடங்கும்போது முதல் வேளையை எந்த அளவில் கொடுப்பது என்று அவர் சொல்வார். அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

அந்த ஊசி, நாட்டோகைனேஸ் இரண்டுமே 'ரத்தக்கட்டியைக் கரைக்கும் என்சைம்' என்பதால் குழம்பியிருக்கிறீர்கள். ஊசி மருந்து கட்டியைத் தானே கரைப்பதில்லை. நம் ரத்தத்தில் சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜனை வெட்டி பிளாஸ்மினாக்குகிறது. கட்டியின் ஃபைப்ரின் இழைகளை அறுப்பது அந்த பிளாஸ்மின். உடலே சுரக்கும் டிபிஏ என்ற புரதத்தின் நகலான ஆல்டிபிளேஸ் என்ற இன்னொரு மருந்து சில நிமிடங்களில் பாதியாகிவிடுவதால் டிரிப்பில் ஏற்ற வேண்டும். அந்தப் புரதத்தில் மூன்று இடங்களை மாற்றியதுதான் டெனெக்டிபிளேஸ். கல்லீரல் அதைச் சீக்கிரம் அகற்றாது. அதை முடக்க வரும் பிஏஐ-1 என்ற புரதத்துக்கு எளிதில் மசியாது. ஃபைப்ரின் இருக்கும் இடத்தில்தான் அதிகம் வேலை செய்யும். அதனால் எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி. வரை, 5 விநாடியில் ஒரே ஊசி. 72 கிலோ அப்பாவுக்கு 40. குளுக்கோஸ் ஓடிய லைனில் போட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும் என்று, சலைன் விட்டுக் கழுவிய பிறகே நர்ஸ் போடுவார். இத்தனை பக்குவம் கேட்கிற புரதம் அது. நாட்டோகைனேஸும் புரதம்தான், வயிற்றுக்குள் போனால் பெரும்பகுதி பருப்பைப் போலச் செரித்துவிடும். ஸ்டென்ட்டைக் காக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு கூடலாம். நாட்டோகைனேஸை நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் விட அதிகம் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: மறுபடி நெஞ்சை அழுத்தும் வலி, கூடவே வியர்வை. உட்கார வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நாக்கடியில் ஒரு சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை). ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. வாயு என்று சோடா கொடுத்து உட்காராதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியும் குளோபிடோக்ரல் விட்டுப்போன நாட்களும் அங்கே முதலில் கேட்பார்கள்.