‘ஐ டோன்ட் கேர்’ சொல்லி மாட்டிக்கொண்டேன்

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் டீமில் எட்டுப் பேர். டெல்லிக்காரர், கொல்கத்தாக்காரர் எல்லாம் இருப்பதால் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். இரண்டு நாள் டூர் எங்கே போவது என்று பேசியபோது, நான் “வீ வில் கோ டு ஊட்டி” என்றேன். “ஓ, முடிவே பண்ணிட்டியா?” என்று சிரித்துவிட்டார்கள். அதில் என்ன தப்பு?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இலக்கணத்தில் தப்பே இல்லை அம்மா. நம்முடைய ‘லாம்’ வழியிலே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ‘ஊட்டிக்குப் போகலாம்’ என்று நாம் சொன்னால் அது வெறும் யோசனை. வேண்டாம் என்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது. ‘வீ வில் கோ’ என்றால் டிக்கெட்டே எடுத்தாயிற்று என்கிற மாதிரி காதில் விழும். ‘போகலாமா?’ என்று கேட்க ‘ஷல் வீ கோ டு ஊட்டி?’ சரியாக இருக்கும். இன்னும் லேசாகப் போட்டுப் பார்க்க ‘ஹவ் அபௌட் ஊட்டி?’ ‘லெட்ஸ் கோ’ என்பது ‘வாங்க, போவோம்’. பாதி ஆட்கள் தலையாட்டிய பிறகு அதைச் சொல்லுங்கள்.

ஊருக்கு ஒரு காரணமும் சேர்த்தால் பேச்சு நகரும். ‘வீ குட் டேக் த டாய் ட்ரெயின் ஃப்ரம் மேட்டுப்பாளையம்’ என்று பாருங்கள். அந்த ‘குட்’தான் நம் ‘போகலாமே’. உடனே ஒருவர் 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரமா என்பார். அதை அவர் ‘இட்ஸ் எ பிட் ஸ்லோ ஃபார் எ டூ டே ட்ரிப்’ என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது. ‘எ பிட்’ சின்ன வார்த்தைதான், ஆனால் மறுப்பின் முனையை மழுக்கிவிடும். வேறு ஊர் சொல்ல ‘ஐ வுட் ராதர் கோ டு வால்பாறை’. ராதருக்குப் பின்னால் ‘டு கோ’ வராது, வெறும் ‘கோ’தான். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு என்று தெரிந்ததும் யாராவது ‘ஐ கெட் கார்சிக்’ என்பார். அவரை ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள்.

இனி என் கதை. 1986-ல் ஆசிரியர் பயிற்சிக்காக ஹைதராபாத் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோல்கொண்டாவா, நாகார்ஜுனசாகரா என்று ஒரு வங்காளி அம்மையார் கேட்டார். ‘எனக்கு எதுவானாலும் சரி’ என்று மனதுக்குள் நினைத்து, வாயால் ‘ஐ டோன்ட் கேர்’ என்றேன். ‘எக்கேடோ கெட்டுப் போங்கள்’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது! கோல்கொண்டாவுக்கே போனோம். கோட்டை வாசலில் கை தட்டினால் மேலே உச்சியில் கேட்கும் என்பார்கள். எல்லோரும் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், என்னிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை. திரும்பும்போது மலையாளி நண்பர் ஒருவர்தான், “மாஷே, ‘ஐ டோன்ட் மைண்ட்’ என்று சொல்லியிருக்க வேண்டும்” என்று திருத்தினார்.

அதையும் அளவோடு சொல்லுங்கள். எட்டுப் பேரும் ‘ஐ டோன்ட் மைண்ட்’ என்றால் சனிக்கிழமை எல்லோரும் வீட்டில்தான் இருப்பீர்கள். ‘ஈதர் இஸ் ஃபைன், பட் நாட் டூ ஃபார்’ என்று ஒரு பிடியாவது கொடுங்கள்.

அப்புறம், ‘சஜஸ்ட் மீ எ ப்ளேஸ்’ வேண்டாம். ‘கேன் யூ சஜஸ்ட் எ ப்ளேஸ்?’ போதும். ‘டிஸ்கஸ் அபௌட்’டில் அபௌட் தண்டம்.

கடைசியில் ஊட்டியே ஜெயித்தால் ‘லெட்ஸ் கோ வித் ஊட்டி, தென்’. காரில் போவதானால் 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். யார் எடுப்பது என்று எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் ‘ஐ வில் கெட் இட்’ என்று சொல்லுங்கள். உங்கள் ‘வில்’லுக்கு அதுதான் சரியான இடம்.