ஐந்துக்கு மூன்று: மேனிபுலேஷன் செய்யலாமா?

கேள்வி: பிசியோதெரபி முடித்து ஓராண்டு ஆகிறது. பாரம் தூக்கியதிலிருந்து 9 நாளாகக் கீழ்முதுகு வலி என்று 34 வயதுக்காரர் ஒருவர் வந்தார். மேனிபுலேஷன், அதாவது முதுகெலும்பு மூட்டைக் கையால் சட்டென்று தள்ளிவிடும் சிகிச்சை, யாருக்குப் பலன் தரும் என்று கணிக்கும் முன்கணிப்பு விதியில் ஐந்துக்கு மூன்றுதான் பொருந்துகிறது. வேலை குறித்த பயத்தை அளக்கும் கேள்வித்தாளில் 22 வந்தது. இடுப்பு மூட்டின் உள்சுழற்சி (தொடை உள்பக்கமாகத் திரும்பும் அளவு) இருபக்கமும் 30 டிகிரி. நான்கு பொருந்தினால்தான் செய்யலாம் என்று படித்தேன். விட்டுவிடுவதா?

பதில்: செய்யக் கூடாது என்று அந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. 2002இல் ஃப்ளின்னும் சக ஆய்வாளர்களும் 71 பேருக்கு மேனிபுலேஷன் செய்தார்கள். 32 பேருக்கு இயலாமை மதிப்பெண் (முதுகுவலி அன்றாட வேலைகளை எவ்வளவு முடக்குகிறது என்ற அளவு) பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கியது. அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவைதான் அந்த ஐந்து: வலி 16 நாளுக்குள் இருப்பது, முழங்காலுக்குக் கீழே இறங்காதது, பய மதிப்பெண் 19க்குக் கீழ், கீழ்முதுகில் ஓரிடமாவது இறுகியிருப்பது, ஒரு இடுப்பு மூட்டாவது 35 டிகிரிக்கு மேல் உள்சுழல்வது. நான்கும் அதற்கு மேலும் இருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு 45 சதவீதத்திலிருந்து 95 ஆனது. மூன்றும் அதற்கு மேலும் என்று சேர்த்துப் பார்த்தால் 68. உங்கள் நோயாளி ஒன்றும் ஃபெயில் ஆகவில்லை.

சரி, 95 என்றதும் மயங்கவும் வேண்டாம். அந்த ஆய்வில் எல்லாருக்குமே மேனிபுலேஷன்தான். ஒப்பிட வேறு குழு கிடையாது. புதிதாக வந்த, காலுக்கு இறங்காத முதுகுவலி எதைச் செய்தாலும் பெரும்பாலும் தணியும். அப்படியானால் இந்த விதி கண்டுபிடிப்பது மேனிபுலேஷனால் தேறுபவரையா, தானாகவே தேறப்போகிறவரையா? 2004இல் சைல்ட்ஸ் குழு 131 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடற்பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தது, விதி தாக்குப்பிடித்தது. 2008இல் ஹான்காக் குழு ஏறத்தாழ 240 பேரிடம் பார்த்தபோது அது கைகொடுக்கவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் மொபிலைசேஷன்தான் (சட்டென்று தள்ளாமல் மூட்டை மெதுவாக அசைப்பது) செய்தார்கள், அதனால் வழக்கு இன்னும் முடியவில்லை.

கணுக்காலில் அடிபட்டவருக்கு எக்ஸ்ரே தேவையா என்று சொல்லும் ஒட்டாவா விதியோடு இதைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். எலும்பைத் தொட்டால் வலியில்லை, நான்கு காலடி எடுத்துவைத்து நடக்கிறார் என்றால் எக்ஸ்ரே இல்லாமலே துணிந்து அனுப்பலாம். பல நாடுகளில் சோதித்த விதி அது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதிகளுக்கு அந்த பலம் இல்லை.

இவருக்கு முதலில் விதி கேட்காததைக் கேளுங்கள்: சிறுநீர், மலம் போவதில் மாற்றம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கூடிவரும் கால் பலவீனம், காய்ச்சல், முன்பு வந்த புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்டு, எலும்பு மெலிதல் (ஆஸ்டியோபோரோசிஸ்). எதுவும் இல்லை, அவருக்கும் சம்மதம் என்றால், உடற்பயிற்சியோடு சேர்த்து மேனிபுலேஷன் செய்யலாம். ஓரிரு முறைக்குள் இயலாமை மதிப்பெண் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

30 டிகிரியைப் பற்றிக் கவலை வேண்டாம், அளக்கும் கை மாறினாலே அது மாறும். எனக்கு உறுத்துவது அந்த 22தான். கணக்கில் அது போன ஒரு மதிப்பெண். நோயாளிக்கோ அதுதான் பிரச்சினையின் பாதியாக இருக்கலாம். வேலைக்குத் திரும்பினால் முதுகுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறார்? அதைக் கேளுங்கள். அப்புறம் சின்னப் பாரம் ஒன்றை உங்கள் கண்முன்னே தூக்கச் சொல்லுங்கள்.