ஹவாய் மொழியின் ஒலியும் இலக்கணமும்: கேள்வி பதில்

ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடி மொழி, ஆஸ்திரோனீசியக் குடும்பத்தின் பாலினீசியக் கிளையைச் சேர்ந்தது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஹவாய்ச் சொற்களில் வரும் ககரத்தை எங்கும் வல்லோசையாகவே படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, அம்மொழியில் மெய்யொலிகள் எட்டுதான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ப், க், ஹ், ல், ம், ன், வ் ஆகிய ஏழோடு, தொண்டையில் காற்றை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒகினா என்னும் ஒலி எட்டாவது. உயிர்களில் குறில் ஐந்து, நெடில் ஐந்து. எந்த அசையும் மெய்யில் முடியாது. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவதும் இல்லை. ஒலிகள் குறைவாக இருப்பதால் மொழி எளியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒவ்வோர் ஒலியும் சுமக்கும் பொறுப்பு அங்கே அதிகம். ஒகினாவை ' என்று குறித்தால், “பஉ” என்பது முடிந்தது, “ப'உ” என்பது கரி, “ப'ஊ” என்பது ஈரம், “பா'ஊ” என்பது பாவாடை. நெடில் குறியையும் ஒகினாவையும் விட்டுவிட்டு ரோமன் எழுத்தில் எழுதினால் நான்கும் ஒன்றாகிவிடும். ஆகவே அக்குறிகளை அலங்காரமாக எண்ணி நீக்குவது எழுத்துப் பிழையே என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒகினாவை நம் ஆய்தத்தோடு ஒப்பிடலாமா? அது எங்கிருந்து வந்தது?

பதில்: ஒப்பிட இயலாது. ஆய்தத்தில் மூச்சு உரசிக்கொண்டு வெளிவருகிறது. ஒகினாவில் மூச்சு முழுவதுமாக நின்றுவிடுகிறது. அது வந்த வழியை நியூசிலாந்தின் மாவோரி மொழி தெளிவாகக் காட்டுகிறது. மாவோரியில் மீன் “இக”, ஹவாயில் “இ'அ”. அதாவது பழைய ககரம் ஹவாயில் ஒகினாவாகத் தேய்ந்தது. ககரம் விட்டுச்சென்ற இடத்துக்குப் பழைய தகரம் நகர்ந்து வந்தது. அதனால்தான் மாவோரியில் கடலைக் குறிக்கும் “தஇ” ஹவாயில் “கஇ” ஆயிற்று. மாவோரியில் உணவைக் குறிக்கும் “கஇ” ஹவாயில் “'அஇ” ஆயிற்று. இந்த ஒழுங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: பழைய குறிப்புகளில் கமெஹமெஹா மன்னரின் பெயர் தமெஹமெஹா என்று இருக்கிறதே?

பதில்: தகரமும் ககரமும் அங்கே பொருளை வேறுபடுத்துவதில்லை, இடத்துக்கு இடம் ஒன்றோ மற்றொன்றோ ஒலித்தது. 1826-இல் மிஷனரிகள் எழுத்துகளை முறைப்படுத்தியபோது க, ல, ப, வ ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இணையாக ஒலித்த த, ர முதலியவற்றை நீக்கினார்கள். நீஇஹாவு தீவில் தகரம் இன்றும் பேச்சில் வாழ்கிறது.

கேள்வி: நாம், நாங்கள் என்ற வேறுபாடு அதில் உண்டாமே?

பதில்: உண்டு, தமிழரான நமக்கு இது எளிதில் பிடிபடும். கேட்பவரையும் சேர்த்தால் “காகொஉ”, விலக்கினால் “மாகொஉ”. இதற்கு மேல் தமிழில் இல்லாத இருமையும் உண்டு: நானும் நீயும் மட்டும் என்றால் “காஉஅ”, நானும் இன்னொருவரும் என்றால் “மாஉஅ”. இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கற்பிப்பது சரியன்று. இவ்வேறுபாடு உறவில்லாத பல மொழிகளில் காணப்படுகிறது.

கேள்வி: “என்னுடைய” என்பதற்கு இரண்டு சொற்கள் ஏன்?

பதில்: இந்த இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. “க'உ”, “கொ'உ” என்ற இரண்டுக்கும் என்னுடைய என்றே பொருள். நம் செயலால் அமைந்த உறவுக்கு முன்னது; பிறப்பால் வந்தது, உடலோடு ஒட்டியது, நாம் உள்ளே இருப்பது அல்லது ஏறிச் செல்வது ஆகியவற்றுக்குப் பின்னது. பிள்ளைக்கும் கணவன் மனைவிக்கும் “க'உ”. பெற்றோர், பெயர், வீடு, படகு ஆகியவற்றுக்குக் “கொ'உ”. ஒரே பெயர்ச்சொல் இரண்டையும் ஏற்கும்போது பொருள் மாறுகிறது. விற்பதற்காக நான் கட்டிய மாலை “க'உ லெஇ”. என் கழுத்தில் கிடக்கும் மாலை “கொ'உ லெஇ”.

கேள்வி: வினைச்சொல் எப்படி மாறுகிறது?

பதில்: இடம், எண், பால் எதற்கும் மாறாது, வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும். “ஹெலெ” என்றால் செல்லுதல். முடிந்துவிட்டால் “உஅ ஹெலெ”, நடந்துகொண்டிருந்தால் “கெ ஹெலெ நெஇ”. பேசுபவரை நோக்கி வந்தால் “ஹெலெ மஇ”, விலகிப் போனால் “ஹெலெ அகு”.

கேள்வி: இன்று அம்மொழியைக் குழந்தைகள் பேசுகிறார்களா?

பதில்: பேசுகிறார்கள். 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியபின் பள்ளிகளிலிருந்து ஹவாய் மொழி மறைந்தது. நீஇஹாவுவில் மட்டும் வீட்டுமொழியாக அறுபடாமல் நின்றது. 1978-இல் அது ஆங்கிலத்தோடு மாநில ஆட்சிமொழியாயிற்று. 1984-இல் முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் பூனன லெஓ மழலையர் பள்ளி தொடங்கியது. 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் அம்மொழிவழி வகுப்புகள் வந்தன. அங்கே குழந்தைகள் ஒகினாவை முதல் பாடத்திலிருந்தே எழுதப் பழகுகிறார்கள்.